ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினேன்

எங்கள் தேவாலயப் பங்கு மலரை நடத்தும் பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம் மேனாம்பேட்டில் என் வீட்டுக்கு வந்தார்கள். எங்கேயோ ஒரு கடல்வழியில் மறுபடியும் கப்பல்களை அடிக்கிறார்களாம். கப்பல்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போகின்றனவாம். அதனால் எண்ணெய் விலை ஏறும், உர விலை ஏறும். இதைப் பற்றி ஒரு கிறிஸ்தவனின் பார்வையில் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். கடலில் வேலை பார்த்தவன் இந்தப் பங்கில் நான் ஒருவன்தான்.

“தலைப்புகூட வெச்சிட்டோம் சார். கடல் வணிகமும் சமாதானமும்” என்றாள் அவர்களில் மூத்த பெண். கையில் ஒரு செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தாள்.

“அடிபட்ட கப்பல்ல எத்தனை பேர் இருந்தாங்கன்னு அதுல போட்டிருக்காம்மா?” என்று கேட்டேன்.

அவள் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “எத்தனை டன் சரக்குன்னு போட்டிருக்கு சார். ஆளைப் பத்தி இல்ல.”

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்களுக்குக் கொடுத்ததைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். என் கோபம் பழையது. முப்பது வருடத்துக்கு மேலாகிறது, ஒரு பிடிகூடக் குறையவில்லை. அதை எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு பக்கத்தில் அடங்காது என்பதையும் சொல்லிவிட்டேன்.

நான் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தேன். அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரலுக்குப் போய் இரண்டு வருடம் மோர்ஸ் தந்தி படித்தேன். பரீட்சையில் ஒருமுறை தோற்றேன், மறுமுறை தேறினேன், ஆறு மாதம் ஒரு மூத்தவரிடம் கையாளாக இருந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கப்பலில் எல்லோரும் என்னை ஸ்பார்க்ஸ் என்று கூப்பிடுவார்கள். எல்லாக் கப்பலிலும் ரேடியோக்காரனுக்கு அதுதான் பெயர்.

என் வேலை கேட்பது. அனுப்புவதைவிடக் கேட்பதுதான் அதிகம். ஆபத்தில் இருக்கும் கப்பல் கூப்பிடுவதற்கென்று உலகம் முழுவதற்கும் ஒரே அலைவரிசை இருந்தது. சாதாரண நேரத்தில் அதில் சந்தைக்கடை போல இரைச்சலாக இருக்கும். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். ரேடியோ அறைக் கடிகாரத்தில் சிவப்பாகச் சாயம் பூசிய இரண்டு துண்டுகள் இருக்கும். மணிக்குப் பதினைந்து நிமிடம் ஆனதும் மூன்று நிமிடம், நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் மூன்று நிமிடம். அந்த நேரத்தில் எந்தக் கப்பலும் அந்த அலைவரிசையில் கையை வைக்கக் கூடாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, யாராவது பலவீனமாகக் கூப்பிடுகிறானா என்று காது கொடுக்க வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும், என்ன கேட்டது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கேட்காவிட்டால், கேட்கவில்லை என்று எழுத வேண்டும். மதியம் கேப்டன் அதில் கையெழுத்துப் போடுவார். மனிதர்கள் போட்ட விதிகளில் இதைவிட நல்ல விதி ஒன்றை நான் பார்த்ததில்லை. கோயிலில் சொல்லிக்கொடுத்த எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை என்றுகூடச் சொல்வேன்.

இங்கே ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளானூரில் அவர்களுக்குப் பரம்பரையாக நெல் வயல். அண்ணன் கன்னியப்பன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, தம்பி ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர். என் வீட்டுத் தண்ணீர்ப் பம்ப் கெட்டபோது வந்து சரிசெய்தவன், அப்படியே பழக்கமாகிவிட்டான். விடுமுறையில் நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தால் சைக்கிளில் வந்து இறங்கிவிடுவான். பட்டறையைக் கதவடைப்புச் செய்தபோது ஒரு நாள் கேட்டான்:

“அண்ணாத்தே, கப்பல்ல ஃபிட்டர் வேல இருக்காமே. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. எடுப்பாங்களா?”

“இஞ்சின் ரூம்ல எதுக்குடா நீச்சல்?” என்று சிரித்தேன். கப்பல் வேலைக்கு வேண்டிய மாலுமிப் புத்தகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான். பாரிமுனையில் அலுவலகம் அலுவலகமாக அவனை அழைத்துப் போனதும் நான். ஒரு எண்ணெய்க் கப்பலில் இடம் கிடைத்துப் போனான். அவன் முதல் விடுமுறைக்கு வந்தபோது நான் கடலில் இருந்தேன். பிறகு வேறு கப்பலுக்கு மாறிவிட்டான் என்று மட்டும் என் மனைவி பிலோமினா கடிதத்தில் எழுதியிருந்தாள். கப்பலின் பெயரை எழுதவில்லை.

அது எண்பதுகளின் பின்பாதி. வளைகுடாவில் இரண்டு நாடுகள் வருடக்கணக்காக அடித்துக்கொண்டிருந்தன. தரையில் ஒருவரை ஒருவர் வீழ்த்த முடியாதபோது அந்தப் பக்கம் போகிற கப்பல்களை அடிக்க ஆரம்பித்தார்கள். யார் கொடி, யார் சரக்கு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். உள்ளே வேலை செய்தவன் பெரும்பாலும் நம்மூர்க்காரன், பிலிப்பைன்ஸ்காரன், பாகிஸ்தான்காரன். சண்டைக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நான் இருந்த கப்பலில் சர்க்கரை மூட்டைகள். கேப்டனின் பெயரை எழுத மாட்டேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். எதையும் கட்டளையாகச் சொல்ல மாட்டார், உதவி கேட்பதுபோலக் கேட்பார். கசப்பான விஷயம் என்றால் முதலில் தேநீர் தருவார். அவரும் கிறிஸ்தவர். அறையில் ஒரு மரச் சிலுவை, அதற்குக் கீழே காற்றழுத்தமானி. ஞாயிற்றுக்கிழமை விருப்பமுள்ளவர்களைச் சாப்பாட்டு அறையில் கூட்டி ஜெபம் நடத்துவார். ஒருமுறை சமையல் உதவியாளனுக்கு வயிற்றுவலி வந்து துடித்தபோது, உரிமையாளர்களைக் கேட்காமலே கப்பலைக் கொழும்புக்குத் திருப்பியவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஜலசந்திக்குள் நுழைவதற்கு முந்தைய நாள் உரிமையாளர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நானே வாங்கி, நானே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். போர்ப் பகுதியில் எந்தக் காரணத்துக்காகவும் நிற்க வேண்டாம், வழி மாற வேண்டாம், இருக்கும் இடம் தெரியும்படி எதையும் அனுப்ப வேண்டாம். அவ்வளவுதான் செய்தி.

மறுநாள் காலை பத்தேகால். முள் சிவப்புக்குள் போனதும் அலைவரிசை அடங்கியது. அரை நிமிடம் வெறும் இரைச்சல். பிறகு, மெல்லியதாக, அது வந்தது. மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில், அதாவது எஸ்.ஓ.எஸ். மூன்று தடவை. பிறகு கப்பலின் அழைப்புக் குறி, பெயர், இருக்கும் இடம். ராக்கெட் அடித்துவிட்டது, இஞ்சின் அறையில் தீ, இருபத்தாறு பேர், படகில் இறங்குகிறோம், உடனே உதவி வேண்டும்.

தந்தி அடிக்கிறவனின் கை எங்களுக்குக் குரல் மாதிரி. பயந்தவன் கை தடுமாறும். இவன் கை தடுமாறவில்லை. பரீட்சையில் அடிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி அடித்தான். கடைசியில் ஒரு சொல் சேர்த்தான். தயவுசெய்து. ஆபத்துச் செய்தியில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது. அதை இரண்டு முறை அடித்தான்.

யாராவது பதில் சொல்கிறார்களா என்று கேட்டேன். சுற்றுவட்டத்தில் நான்கைந்து கப்பல்கள் இருந்தன, அது எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் ஒரு செய்தி வந்திருக்கும். அவன் மறுபடி கூப்பிட்டான். பாதியில் நின்றுபோனது.

தாளைக் கிழித்துக்கொண்டு கேப்டனிடம் ஓடினேன். அவர் வாசித்தார். வரைபடத்தில் இடத்தைப் பார்த்தார். எங்கள் வழியிலேயே, வலப்பக்கமாக, இரண்டு மணி நேரத் தூரம்கூட இல்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“உட்காருங்கள் ஸ்பார்க்ஸ். தேநீர்?”

“சார், பதில் சொல்லட்டுமா?”

“நம் கப்பலில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அடித்தவன் இன்னும் பக்கத்தில்தான் இருப்பான்.”

“போக வேண்டாம் சார். கேட்டோம் என்று மட்டும் சொல்கிறேன். யாரோ கேட்டார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும். வேறு கப்பலுக்கும் தகவல் போகும்.”

“கேட்டோம் என்று சொன்னால் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள்.” சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். “ஆகவே நாம் கேட்கவில்லை.”

“பதிவேட்டில் என்ன எழுதுவது?”

“கேட்காத ஒன்றை எப்படி எழுத முடியும்?” என்றார், அதே குரலில்.

அனுப்பும் கருவி என் அறையில் இருந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. ஒரு நிமிடம் போதும். யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் திரும்பிப் போய் உட்கார்ந்து, மௌன நேரம் கடைப்பிடிக்கப்பட்டது, ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மதியம் கேப்டன் வந்து கீழே கையெழுத்துப் போட்டார்.

கப்பல் இடப்பக்கமாக ஒதுங்கிப் போனது. வழி மாறக் கூடாது என்ற உத்தரவை விலகிப் போவதற்காக மட்டும் மீறினோம். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் புகை தெரிந்தது, கரியதாக, நேராக. ஆட்கள் எல்லாம் கம்பி ஓரம் வந்து நின்றார்கள். சமையல்காரர் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். புகை பின்னால் போனது.

ஐந்து மணிக்கு, ஆபத்தான இடத்தைப் பத்திரமாகக் கடந்ததற்காக நன்றி ஜெபம் என்று கேப்டன் கூப்பிட்டார். போனேன். மண்டியிட்டேன். “கர்த்தாவே, எங்களைக் காத்தீரே” என்று அவர் சொன்னபோது ஆமென் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அடிபட்டு வழியில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு மறுபக்கமாக விலகிப் போன குருவின் கதையைக் கோயிலில் வாசிக்கிறோம். அவன் கெட்டவன் என்று அதில் எங்கேயும் சொல்லவில்லை. அவனுக்கும் பொறுப்புகள் இருந்திருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் அவனும் நன்றி ஜெபம் நடத்தியிருப்பான். அதை மட்டும் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பிலோமினா சொன்னாள்.

“ஏகாம்பரம் தவறிட்டாங்க. கப்பல் தீப்புடிச்சிதாம். அவங்க அண்ணன் ரெண்டு தடவ வந்துட்டுப் போனாரு. கம்பெனில இருந்து இங்லீஷ்ல லெட்டர் வந்திருக்காம். நீங்க வந்து படிச்சிச் சொல்லணும்னு காத்திருக்காங்க.”

அன்றைக்கே வெள்ளானூர் போனேன். கன்னியப்பன் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். முதல் வரியிலேயே கப்பலின் பெயர் இருந்தது. அடுத்த வரியில் தேதி. எனக்கு அதற்கு மேல் படிக்கத் தேவையிருக்கவில்லை.

“இன்னா போட்டுக்கீது அண்ணாத்தே?”

படித்துச் சொன்னேன். போர்த் தாக்குதலில் தீ, படகில் உயிர் பிரிந்தது, கடலிலேயே அடக்கம், நிறுவனத்தின் ஆழ்ந்த அனுதாபம். அவர்கள் அம்மா லோகம்மா சுவரில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். பிலோமினா சோற்றைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். “அந்த லெட்டர்ல எழுதியிருந்தத மட்டுந்தான் அவங்களுக்குச் சொல்லிட்டு வந்தீங்களா?” என்றாள். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கடலில் இருந்தவன் நான், ஆனாலும் அவளிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை. சொன்னேன். அவள் அழவில்லை. “நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்க” என்றாள்.

போனேன். அன்றைக்கு எங்கள் பங்கில் இருந்த சாமியார் வயதானவர், மென்மையானவர். எல்லாம் கேட்டுவிட்டு, “மேலதிகாரிக்குக் கீழ்ப்படிஞ்சீங்க. போர்க்காலம். உங்க பேர்ல பெரிய குத்தமில்ல. மூணு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டு நிம்மதியாப் போங்க” என்றார்.

மூன்று மந்திரம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோயில் படியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. கேப்டன் மேல் வராத கோபம் அந்த நல்ல மனிதர் மேல் வந்தது. வெள்ளானூர் போய்ச் சொல் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். கடவுளிடம் சொல்லியாயிற்று, ஆகவே மனிதரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று என்னை அனுப்பி வைத்தார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். அதுவும் என் குற்றம்தான், அவருடையது அல்ல.

நாலாவது வாரம் கன்னியப்பன் ஆளனுப்பினார். ஏகாம்பரத்தோடு வேலை செய்து தப்பி வந்த ஒருவர் தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறார், கப்பல் பேச்சு எங்களுக்குப் புரியாது, நீங்கள் கூட இருந்தால் நல்லது என்று சேதி.

வந்திருந்தவர் ராயப்பன். அந்தக் கப்பலில் மாலுமிகளுக்குத் தலைவர். இரண்டு கையும் முழங்கை வரை வெந்து ஆறியிருந்தன. ஏகாம்பரத்தின் கைக்கடிகாரத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அதை லோகம்மாவின் மடியில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“இஞ்சின் ரூம்ல அவரும் இன்னும் ரெண்டு பேரும் இருந்தாங்கம்மா. அவரு மட்டும் ஏறி வந்துட்டாரு. முதுகெல்லாம் வெந்து போச்சு. நாங்க தூக்கிப் படகுல போட்டோம். நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. எங்க ரேடியோக்காரரு கடைசி வரைக்கும் அடிச்சிட்டுத்தான் படகுல குதிச்சாரு. எவனாவது கேட்டிருப்பான், வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

“வந்தாங்களா?” என்றார் கன்னியப்பன்.

“ஒரு கப்பல் வந்துச்சுண்ணே. வெள்ளையா மேல்கட்டு, மஞ்சப் புகைபோக்கி, நடுவுல கருப்புப் பட்டை. நல்லாத் தெரிஞ்சுது. நாங்க சட்டையக் கழட்டி வீசினோம். ஏகாம்பரமும் தலையத் தூக்கிப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தோம், அது தள்ளித் தள்ளிப் போச்சு. அதுக்கப்புறம் அவரு பேசல. சாயங்காலம் போல ஒரு இழுவைக் கப்பல் வந்து எங்கள எடுத்துச்சு. அதுவும் எங்களத் தேடி வரலண்ணே. எரியிற கப்பல இழுத்துட்டுப் போக வந்துச்சு. வழியில நாங்க கெடச்சோம். அதுக்கு ரெண்டு மணி நேரம் முந்தித்தான் அவரு போனாரு.”

மஞ்சள் புகைபோக்கியின் நடுவில் கருப்புப் பட்டை. நான் எட்டு மாதம் அதன் கீழே தூங்கியவன்.

“அது நான் இருந்த கப்பல்” என்றேன்.

ராயப்பன் என்னைப் பார்த்தார். கன்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை.

“நீங்க இன்னா சொல்றீங்க?”

“அவங்க ரேடியோக்காரர் கூப்பிட்டத நான் கேட்டேன். எழுதி எடுத்துட்டுப் போய் கேப்டன்கிட்ட கொடுத்தேன். அவர் வேணான்னார். ஒண்ணும் கேட்கலன்னு புத்தகத்துல எழுதிட்டேன்.”

“போன மாசம் இங்க குந்திகினு லெட்டர் படிச்சியே. அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

அவர் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உன்ன நம்பித்தான்யா அவன அனுப்பிச்சோம்” என்றார். “எங்க ஊட்டாண்ட இனிமே வராத. எங்கனா ரோட்ல பாத்தாலும் பேசாத.”

ராயப்பன் மட்டும் பஸ் நிறுத்தம் வரை என்னோடு வந்தார். அவரும் கத்தோலிக்கர்தான். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “எழுத்துல கொடுப்பீங்களா?” என்று கேட்டார். “நாங்க ஒரு கப்பல் பாத்தோம்னு விசாரிச்சவங்ககிட்ட சொன்னோம். எந்தக் கப்பலும் கேட்டதாப் பதிவு இல்ல, புகையில உங்களுக்குத் தோணியிருக்கும்னு எழுதிட்டாங்க.”

கொடுத்தேன். மறுநாளே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதி, கப்பல் விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். விசாரணை வைத்தார்கள். கேப்டன் வந்திருந்தார், அதே இஸ்திரி மடிப்போடு. என்னைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார். அதிகாரி என்னிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்: பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துத்தானே? ஆம். அதில் ஒன்றும் கேட்கவில்லை என்று இருக்கிறதே, அப்படியானால் நீங்கள் அன்று பொய் சொன்னீர்களா, இன்று சொல்கிறீர்களா? அன்று, என்றேன். கேப்டனிடம் கொடுத்த தாள் எங்கே? அது அவருடைய சட்டைப் பையோடு போயிற்று.

முடிவு தபாலில் வந்தது. போர்ப் பகுதியில் தன் கப்பலையும் ஆட்களையும் காக்கும் பொறுப்பு கேப்டனுடையது, அவர் முடிவில் குறை காண்பதற்கில்லை. பொய்ப் பதிவு செய்ததற்காக எனக்கு ஒரு வருடம் சான்றிதழ் நிறுத்திவைப்பு. தண்டனை கிடைத்தது என்பதில் எனக்கு வருத்தமில்லை. கிடைத்தது ஒருவனுக்கு மட்டும், அதுவும் உண்மையைச் சொன்னதால்தான். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கேப்டன் பிற்பாடு கரையில் பெரிய பதவிக்குப் போனார் என்று கேள்வி.

அந்த ஒரு வருடம் எஸ்டேட்டில் ஒரு ஒயர் கம்பெனியில் சுருள் சோதிக்கும் வேலை பார்த்தேன். பிறகு கடலுக்குத் திரும்பினேன். பழைய சண்டை முடிந்து, சில வருடத்தில் அதே வளைகுடாவில் புதிய சண்டை வந்தது. அப்போது நான் விடுமுறையில் இருந்தேன். அம்பத்தூரில் ஒரு மைதானத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவரின் கூட்டம். கடல் எரிகிறது, எண்ணெய் எரிகிறது, இதெல்லாம் கர்த்தருடைய வருகையின் அடையாளம், சந்தோஷப்படுங்கள் என்றார். கூட்டம் அல்லேலூயா போட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கையைத் தட்டினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, “உள்ள ஆளுங்க எரியிறாங்க சார், தட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இன்றைக்கானாலும் அதைத்தான் செய்வேன்.

அந்தச் சண்டையும் ஓய்ந்த பிறகு ஒருமுறை வளைகுடாவின் வடபகுதியில் போய்க்கொண்டிருந்தோம். கடலில் விட்டுப்போன கண்ணிவெடிகள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. காலைக் காவலில் ஒரு சின்னக் கப்பல் கூப்பிட்டது: கண்ணியில் மோதிவிட்டோம், தண்ணீர் ஏறுகிறது. கேட்டேன், வருகிறோம் என்று முதலில் பதில் அடித்தேன். பதிவேட்டில் எழுதினேன். அதற்குப் பிறகுதான் மேலே போய் அந்தக் கேப்டனிடம் சொன்னேன். அவர் வேறு ஆள், வாயைத் திறந்தால் வசவு.

“யாரைக் கேட்டு வருகிறோம் என்று சொன்னாய்?”

“யாரையும் கேட்கவில்லை சார். சொல்லிவிட்டேன். பதிவும் ஆகிவிட்டது.”

என் பரம்பரையையே திட்டினார். திட்டிக்கொண்டே சுக்கானைத் திருப்பச் சொன்னார். ஒன்பது பேரை எடுத்தோம். அவர்களுக்குப் போர்வை கொடுத்தபோதும் திட்டிக்கொண்டேதான் இருந்தார். நான் பார்த்த கேப்டன்களில் அவருக்காகத்தான் இன்றும் நினைத்து ஜெபிக்கிறேன். ஒன்பது பேரால் ஏகாம்பரம் திரும்பி வர மாட்டான், அது எனக்குத் தெரியும்.

அந்தப் பயணம் முடிந்து வீட்டில் இருந்தபோது, ஒரு பிற்பகல் வாசலில் லோகம்மா நின்றிருந்தார். ஆவடியிலிருந்து பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறார். கன்னியப்பனுக்குத் தெரியாது என்றார். பிலோமினா உள்ளே அழைத்து நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“டிவில கப்பல் எரியறத காட்னாங்க சார். அப்போலேர்ந்து ஒரே ரோசனையா கீது. அன்னிக்கு அவங்க கூப்டாங்கன்னு சொன்னியே, எப்டி கூப்டாங்க? மனுசங்க கத்தறா மாதிரி கேக்குமா?”

“இல்லம்மா. வெறும் சத்தம். குட்டையா, நீளமா வரும்.”

“அத்த ஒரு தபா எனக்குக் காட்டு.”

என்னால் முடியாது என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. பிலோமினா என் தோளில் கையை வைத்தாள். வாயாலேயே சொல்லிக் காட்டினேன். டிட் டிட் டிட், டா டா டா, டிட் டிட் டிட். மூன்று தடவை. பிறகு கப்பலின் குறி, இருந்த இடம், இருபத்தாறு பேர் என்பது. எல்லாம் எனக்கு மனப்பாடம், அப்போதும் இப்போதும். கடைசியில் அந்தத் தயவுசெய்துவையும் இரண்டு முறை.

லோகம்மா கண்ணை மூடிக்கொண்டு முழுதையும் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“இவ்ளோ நல்லா கேக்குதே, நைனா” என்றார்.